கடல் முயலும் கண்ணாடித் தொட்டியும்

சிங்கப்பூரின் கிழக்கே உள்ள சாங்கிக் கடற்கரையில், கடல்நீர் நன்றாக வற்றும் நேரத்தில் மணற்பரப்பும் கடற்புற்களும் வெளியே தெரியும். அங்குத் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரில், சில காலங்களில், பழுப்பு நிற உயிரினம் ஒன்று மெல்ல ஊர்ந்து செல்வதைக் காணலாம். முதல் பார்வைக்கு அது பாசிக் கொத்தைப் போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் உடலில் முடி போன்ற நீட்சிகளும் சிறு நீலப் புள்ளிகளும் தெரியும். அதுதான் கடல் முயல்.

பெயரில் முயல் இருந்தாலும், இது நத்தையின் உறவினம். இதன் தலைமேல் நீண்டிருக்கும் இரண்டு உணர்கொம்புகள் முயலின் காதுகளைப் போல இருப்பதால் இப்பெயர் வந்தது. உண்மையில் அவை காதுகள் அல்ல. நீரில் கலந்துள்ள வாசனையை அறிய உதவும் உறுப்புகள். கடல் முயல்கள் பாசிகளை உண்டு வாழ்கின்றன. அரம் போன்ற நாக்கினால் பாசியைச் சுரண்டித் தின்னும் இவற்றுக்குப் பசி மிகுதி.

இந்தப் பசியைத்தான் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் பயன்படுத்திக்கொள்கின்றனர். தொட்டியின் கற்களில் பச்சை முடியைப் போலப் பாசி படர்ந்துவிட்டால், அதைக் கையால் அகற்றுவது கடினம். அவ்வேளையில் சிலர் கடையிலிருந்து ஒரு கடல் முயலை வாங்கி விடுகின்றனர். சில நாள்களிலேயே கற்கள் பளிச்சென்று ஆகிவிடக்கூடும். வேதிப்பொருள் எதையும் கலக்காமல் தொட்டி தூய்மையாகிவிட்டதே என்று தோன்றும்.

ஆனால், சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. பாசி ஏன் வளர்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மீன்கள் தின்னாமல் விட்ட உணவும் அவற்றின் கழிவும் தொட்டிக்குள் அழுகுகின்றன. அவற்றிலிருந்து நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகள் நீரில் சேர்கின்றன. இவையே பாசிக்கு உரம். கடல் முயல் பாசியைத் தின்றாலும், அதன் கழிவு அதே நீரில்தான் சேர்கிறது. உரத்தின் ஒரு பகுதி தொட்டியைவிட்டு வெளியேறாமல் வடிவம் மட்டுமே மாறுகிறது. நாம் கையால் பாசியைப் பிடுங்கி வெளியே எறிந்தால், அதனுடன் சத்துகளும் வெளியேறிவிடுகின்றன.

கடல் முயலுக்கும் ஆபத்து உண்டு. பாசி தீர்ந்ததும் அதற்கு உணவு இல்லை. உரிமையாளர் வேறு உணவு தராவிட்டால் அது பட்டினியால் மெலிந்து இறந்துவிடும். நீரை உறிஞ்சும் குழாய்க்கு மூடி இல்லையென்றால், அதன் மென்மையான உடல் சிக்கிக் காயமடையும். அச்சமுற்றால் சில வகைகள் ஊதா நிற மையைக் கக்கும். பரந்த கடலில் அந்த மை எதிரியைக் குழப்பிவிட்டுக் கரைந்து போகும். சிறிய தொட்டியிலோ அது தங்கிவிடும்; மற்ற மீன்களுக்கும் தீங்கு விளையலாம். அப்போது உடனே நீரின் பெரும்பகுதியை மாற்றி, வடிகட்டியில் கரி வைக்க வேண்டும்.

எனவே, பாசியைக் கட்டுப்படுத்தும் வழி மீன் வளர்ப்பவரின் கையில்தான் இருக்கிறது. மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் உணவு இட வேண்டும். விளக்கை நாள் முழுவதும் எரியவிடக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளியில் நீரின் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் உதவி தேவைப்பட்டால், பெரிய தொட்டி உடையவர்கள் கடல் முயலை வளர்க்கலாம். அதற்குத் தொடர்ந்து உணவளிக்கும் பொறுப்பையும் அவர்கள் ஏற்க வேண்டும்.

கடல் முயலைத் துடைப்பான் என்று எண்ணுவது தவறு. அமெரிக்க அறிவியலாளர் எரிக் கேண்டல், நினைவாற்றல் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கடல் முயலை வைத்தே ஆராய்ந்தார். மென்மையாகத் திரும்பத் திரும்பத் தொட்டால், அது அந்தத் தொடுதலுக்குப் பழகிவிடுகிறது. வலி தரும் ஒன்றை அனுபவித்தால், பிறகு சிறு தொடுதலுக்கும் தன் செவுளை வேகமாக உள்ளிழுத்துக்கொள்கிறது. அதாவது, அது கற்றுக்கொள்கிறது. அந்த ஆய்வுகளுக்காக 2000-ஆம் ஆண்டில் கேண்டலுக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. வேறு இருவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பல வகைக் கடல் முயல்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டுதான். அந்தக் குறுகிய காலத்திற்குள் அவை வளர்ந்து, நூல் போன்ற முட்டைச் சரங்களை இட்டு, மறைந்துவிடுகின்றன. சாங்கிக் கரையிலிருந்து ஒன்றை வாளியில் எடுத்து வந்தால், அது இட வேண்டிய முட்டைகளும் கடலுக்குக் கிடைக்காமல் போகும். அதனால், நீர் வற்றிய நேரத்தில் கரையில் நடப்பவர்கள் அதைத் தொடாமல் பார்ப்பதும், கடற்புற்களை மிதிக்காமல் நடப்பதும், வெறுங்கையுடன் வீடு திரும்புவதும் நல்லது.