சம்மன் திரும்பி வந்தால் கெடு 7 நாள்!



கடன் பாக்கிக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை 1,84,000 ரூபாய்.

2011 மார்ச் மாதம் வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்குத் துவரம் பருப்பும் உளுந்தும் கடனுக்கு அனுப்பினேன். தவணை எதுவும் பேசவில்லை. "பொங்கலுக்குத் தருகிறேன் அண்ணாச்சி", "தீபாவளிக்குத் தருகிறேன் அண்ணாச்சி" என்றே நாள் போயிற்று. முகதாட்சண்யத்தில் நானும் பொறுத்தேன். 2014 பிப்ரவரியில்தான் வழக்குப் போட்டேன். "கடை பூட்டியிருக்கிறது, ஆள் இருப்பிடம் தெரியவில்லை" என்று அமீனா எழுதி, சம்மன் திரும்பிவிட்டது. வக்கீல் குமாஸ்தா எனக்குச் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஆடி மாதம் விசாரித்தபோது வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தது.

"புது வழக்குப் போடலாமே" என்றேன். "போடலாம் அண்ணாச்சி, ஆனால் மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டதே" என்றார் வக்கீல்.

விஷயம் இதுதான். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 5 என்ன சொல்கிறது? பிரதிவாதிக்குச் சம்மன் சேராமல் திரும்பியது என்று கோர்ட்டில் பதிவான நாளிலிருந்து 7 நாளுக்குள், வாதி புது சம்மனுக்கு மனுச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அந்தப் பிரதிவாதி மீதான வழக்கைக் கோர்ட் தள்ளுபடி செய்யும். பங்குதாரர்கள் மூவர் மீது வழக்கு என்றால், சம்மன் சேராத பங்குதாரர் மட்டும் தப்பித்துக்கொள்வார். முன்பு இந்தக் கெடு ஒரு மாதமாக இருந்தது. 2002 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த திருத்தம்தான் அதை 7 நாளாகக் குறைத்தது.

தள்ளுபடியான பிறகு புது வழக்குப் போட அதே விதி இடம் தருகிறது. ஆனால் காலவரையறைச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். விற்ற சரக்கின் விலைக்கு, தவணை பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து 3 வருடம். என்னைப் போல் கடைசி மாதத்தில் வழக்குப் போட்டவனுக்குத் தள்ளுபடி என்றால், பாக்கி போனது போனதுதான்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நெரிப்பதில்லை. அந்த 7 நாளைக் கோர்ட் நீட்டித்துத் தரலாம். அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, முழு முயற்சி செய்தும் பிரதிவாதியின் இருப்பிடம் கிடைக்கவில்லை. இரண்டு, அவர் வேண்டுமென்றே சம்மனுக்கு டிமிக்கி கொடுக்கிறார். மூன்று, வேறு தகுந்த காரணம். ஆனால் இதையும் அந்த 7 நாளுக்குள்ளேயே கோர்ட்டுக்குத் திருப்தியாகக் காட்ட வேண்டும். தூங்கிவிட்டு வந்து அவகாசம் கேட்பவருக்கு இந்த விதி உதவாது.

பட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. 2018-இல் இன்னொரு பாக்கிக்கு வழக்குப் போட்டபோது, மறுபடியும் சம்மன் திரும்பியது. இந்த முறை ஐந்தாம் நாளே அவகாச மனு போட்டோம். பழைய கடைக்குப் போய் வந்த தேதி, பக்கத்துக் கடையில் விசாரித்தது, லாரி ஆபீசில் கேட்டது எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதினோம். கோர்ட் அவகாசம் கொடுத்தது. அதற்குள் லாரி ஆபீஸ் மூலமே புது விலாசம் கிடைத்தது. சம்மன் சேர்ந்தது, பாக்கியும் தவணையில் வந்தது.

முதல் சம்மனுக்கும் ஒரு கெடு உண்டு. வழக்குப் போட்ட 30 நாளுக்குள் சம்மன் பிறப்பிக்கப்பட வேண்டும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2002-இல் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. சரியான விலாசத்தையும் பேட்டாவையும் 30 நாளுக்குள் வாதி கட்டிவிட்டால் போதும். அதன் பிறகு கோர்ட் அலுவலகத்தில் தாமதமானால் அது வாதியின் குற்றம் ஆகாது. ஆகவே பேட்டா கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சம்மன் சேர்க்க அமீனா ஒருவர்தான் வழி என்பதும் இல்லை. ஒப்புகையோடு தபால், கோர்ட் அங்கீகரித்த கூரியர், மின்னஞ்சல் ஆகியவற்றையும் சட்டம் ஏற்கிறது. கோர்ட் அனுமதித்தால் வாதியே கையில் வாங்கிப்போய்க் கொடுக்கலாம். ஆள் ஒளிகிறார் என்று கோர்ட் நம்பினால், அவர் கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த பகுதியில் ஓடும் தினசரியில் விளம்பரம் செய்ய உத்தரவிடலாம். சம்மனை வாங்க மறுத்தால் சேர்ந்ததாகவே கோர்ட் கொள்ளும். வராதவர் மீது எக்ஸ்பார்ட்டியாக டிகிரி ஆகிவிடும். கொடுக்க வேண்டிய இடத்தில் நாம் இருந்தாலும் இதை மறக்கக் கூடாது.

நம் கையில் உள்ளவை இவை:

1. கடன் கொடுக்கும்போதே கடை விலாசத்தோடு வீட்டு விலாசம், போன் நம்பர், ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. மூன்றாம் வருடக் கடைசி வரை காத்திராதீர்கள். காத்திருக்க வேண்டியிருந்தால், கெடு முடியும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து புதுக் கெடு ஆரம்பமாகும்.

3. வழக்கு எண்ணையும் வாய்தா தேதியையும் கடை நாட்காட்டியில் குறியுங்கள். சம்மன் என்ன ஆயிற்று என்று வாரம் ஒரு முறை வக்கீல் ஆபீசில் கேளுங்கள்.

4. திரும்பிவிட்டது என்று தெரிந்தால், அன்றே 7 நாளை எண்ணத் தொடங்குங்கள். விலாசம் தேடிய ஒவ்வொரு முயற்சியையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

வரவு செலவை இரவே எழுதி முடிக்காமல் நாம் கடையைச் சாத்துவதில்லை. கோர்ட்டில் இருக்கும் பாக்கியும் நம் பேரேட்டில் உள்ள பாக்கிதான். அதையும் அதே கண்ணோடு பார்த்துக்கொள்வோம்.