வழங்கிப் பக்க உள்ளீட்டுச் சரிபார்ப்பு

வழங்கிப் பக்க உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்பது, வலைப் படிவத்தில் பயனர் நிரப்பி அனுப்பும் விவரங்களைத் தரவுத்தளத்தில் சேர்ப்பதற்கு முன்னர் வழங்கியில் இயங்கும் நிரல் சோதித்தறிவதைக் குறிக்கும். பிழை காணப்படின், அதே படிவம் பயனர் முன்பு நிரப்பியவற்றுடனும் பிழைச் செய்திகளுடனும் மீண்டும் காட்டப்படும்.

உலாவிச் சோதனையின் எல்லை

ஜாவாஸ்கிரிப்ட் கொண்டோ எச்.டி.எம்.எல். 5 தரும் வசதிகளைக் கொண்டோ உலாவியிலேயே உள்ளீட்டைச் சோதிக்கலாம். இது பயனருக்கு விரைந்து விடை தரும் வசதியே அன்றிப் பாதுகாப்பு அன்று. பயனர் அந்நிரலை நிறுத்திவிட இயலும். உலாவியே இன்றியும் வழங்கிக்குக் கோரிக்கை அனுப்ப இயலும். தெரிவுப் பட்டியலில் சேலம், நாமக்கல் என இரு மாவட்டங்கள் மட்டுமே இருந்தாலும், மூன்றாவது ஒரு பெயர் வழங்கிக்கு வந்து சேரக்கூடும்.

சோதனையின் படிகள்

லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் நன்கு அறியப்பட்ட இ-வே பில் படிவம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை அனுப்ப, 2018 ஏப்ரல் 1 முதல் இச்சீட்டு நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. இதில் தரப்படும் ஜி.எஸ்.டி. எண் 15 இடங்களைக் கொண்டது. முதல் இரண்டு இடங்கள் மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த பத்து இடங்கள் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண். கடைசி இடம் ஏனைய பதினான்கிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து. ஓர் இடத்தைத் தவறாகத் தட்டச்சிட்டால் இக்கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் கணக்கு சரியாக வருவதால் மட்டும் அவ்வெண் உண்மையில் வழங்கப்பட்டது என்று ஆகாது. அதைப் பதிவேட்டில் தேடியே அறிய வேண்டும். பதிவேடு வழங்கியின் பக்கமே உள்ளது.

உள்ளூர் நிலைமை அறியாத விதிகள்

தளர்ந்த விதி தவறான தரவை உள்ளே விடும். இறுகிய விதியோ சரியான மனிதரை வெளியே நிறுத்தும். இரண்டாவதன் தீங்கு நிரலாளரின் கண்ணில் படுவதில்லை. 636 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீடு சேலம் மாவட்டம், 637 எனத் தொடங்குவது நாமக்கல் மாவட்டம் என்று விதி எழுதத் தோன்றும். ஆனால் எடப்பாடி (637101), சங்ககிரி (637301) ஆகிய ஊர்கள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அஞ்சல் குறியீட்டு முறை 1972 இல் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 இல். அஞ்சல் பிரிவுகள் வருவாய் மாவட்ட எல்லைகளைப் பின்பற்றுவதில்லை. வண்டிப் பதிவெண்ணும் இவ்வாறே: நாமக்கல் மாவட்ட வண்டி டி.என். 28 ஆக மட்டுமன்றி 88 ஆகவும், திருச்செங்கோட்டில் பதிவானால் 34 ஆகவும் இருக்கலாம். பதிவெண்ணின் இடையே பயனர் இடும் வெற்றிடத்தையும் சிறுகோட்டையும் பிழை எனத் திருப்பி அனுப்பாமல் நிரலே நீக்கிக்கொள்வது நன்று.

குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம், தலைப்பெழுத்து மட்டுமே உடைய தமிழருக்கு இடர் தருவது. ஒருவர் அவ்விடத்தில் தந்தை பெயரை இடுவார், மற்றொருவர் புள்ளி வைப்பார். பின்னர்ச் சான்றிதழில் உள்ள பெயரும் இதுவும் ஒத்துப்போகா.

பெயரைத் தமிழிலேயே ஏற்கும் படிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எழுத்துகள் மட்டும்’ என்னும் விதி ஒருங்குறியின் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால், குறி வகையில் அடங்கும் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் மறுக்கப்படும். ‘சேலம்’ கூடத் தேறாது. ‘கொல்லிமலை’ நம் கணக்கில் ஐந்து எழுத்து, ஒருங்குறியில் ஒன்பது குறியீடு, யு.டி.எஃப்-8 இல் 27 பைட்டு. கொகரத்தின் குறியை இரு துண்டுகளாகச் சேமித்திருந்தால் குறியீடுகள் பத்தாகும். ஆகவே முதலில் இயல்பாக்கி, பின்னரே நீளத்தை அளக்க வேண்டும்.

பிழைகளை மீளக் காட்டுதல்

முதற்பிழையிலேயே நின்றுவிடாமல் எல்லாப் பிழைகளையும் ஒருசேரக் காட்டுதல் முறையாகும். இ-சேவை மையத்தில் விண்ணப்பதாரருக்காகப் பிறர் தட்டச்சிடும்போது இது மேலும் தேவையாகிறது. எந்தத் தாளை மீண்டும் கேட்பது என்பதைச் செய்தியே சொல்ல வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்பதைவிட ‘அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கங்கள் இருக்க வேண்டும்; 5 மட்டுமே உள்ளன’ என்பது பயன் தரும். செய்தி அந்தந்தப் புலத்தின் அருகே அமைய வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் போதாது. திரைபடிப்பான் பயன்படுத்துவோருக்கு அது புலப்படாது.

பயனர் இட்டதை அப்படியே பக்கத்தில் எழுதுவது ஆபத்தானது. கோண அடைப்பு, மேற்கோள் போன்ற குறிகளை எச்.டி.எம்.எல். மாற்றுக் குறியீடுகளாக்கியே எழுத வேண்டும்; தவறினால் உள்ளீட்டில் பொதிந்த நிரல் உலாவியில் இயங்கிவிடும். தரவுத்தளத்தில் சேர்க்கையில், மதிப்புகளை வினவலிலிருந்து பிரித்து அனுப்பும் முறை தனியே தேவை. சரிபார்ப்பு இவ்விரண்டுக்கும் மாற்று ஆகாது.

பிழையுள்ள படிவத்தை 422 என்னும் எச்.டி.டி.பி. நிலைக்குறியுடன் திருப்பலாம். எல்லாம் சரியெனில் 303 கொண்டு வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம். இல்லையேல் பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கையில் அதே விண்ணப்பம் இருமுறை பதிவாகக்கூடும்.

கடவுச்சொல் மீளக் காட்டப்படுவதில்லை. கோப்புப் புலத்தையும் வழங்கி நிரப்பித் தர இயலாது. பாதுகாப்புக் கருதி உலாவிகள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. எனவே ஒளிப்படமும் சான்றிதழும் கேட்கும் படிவங்களில், பிற புலங்களில் பிழையிருப்பினும் வந்த கோப்பைத் தற்காலிகமாகச் சேமித்து அதன் பெயரை மட்டும் காட்டுவர்.