நோய் அடங்கிவிட்டது... வயிறு ஏன் அடங்கவில்லை?

பஸ் ஏறும் முன் டாய்லெட் எங்கே என்று தேடுவது, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே பயப்படுவது, நடுராத்திரியில் எழுந்து ஓடுவது... குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் பழகிய அவஸ்தை. மருந்து சாப்பிட்டு நோய் கட்டுக்குள் வந்த பிறகும் இந்த ஓட்டம் நிற்காவிட்டால், 'மறுபடியும் வந்துடுச்சு' என்று வீடே கலங்கிப்போகும். ஆனால், சில நேரங்களில் காரணம் நோய் அல்ல, பித்த அமிலம்.

'பித்தம் தலைக்கேறிடுச்சா?' என்று திட்டுவோமே, அந்தப் பித்தம் இல்லை இது. கொலஸ்ட்ராலில் இருந்து கல்லீரல் தயாரிக்கும் அமிலம். நாம் சாப்பிடும் எண்ணெய், நெய் எல்லாம் செரிக்க இது வேண்டும். வேலை முடிந்ததும் உடம்பு இதை வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம், சுமார் 95 சதவிகிதத்தை உறிஞ்சி ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். கடைக்குத் திரும்பும் காலி சோடா பாட்டில் மாதிரி, ஒரே சரக்கு தினமும் பல முறை சுற்றி வரும்.

குடல் அழற்சியில் ஒரு வகையான க்ரோன்ஸ் நோய் அதிகம் தாக்குவது இந்த இலியத்தைத்தான். 1932-ல் நியூயார்க் டாக்டர் பரில் க்ரோனும் இரண்டு சகாக்களும் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, அவர்கள் விவரித்த புண்களும் இங்கேதான் இருந்தன. இந்த இடம் புண்ணானாலோ, ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்பட்டாலோ, உறிஞ்ச ஆளில்லாமல் பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய்விடும். அங்கே நீரைச் சுரக்க வைத்து, குடலையும் வேகமாகத் தள்ள வைக்கும். விளைவு, அடக்கவே முடியாத தண்ணீர் பேதி.

இதை நோயின் சீற்றம் என்று நினைத்து ஸ்டீராய்டு டோஸை ஏற்றினால் பேதி நிற்காது, பக்கவிளைவுகள்தான் மிஞ்சும். உள்ளே அழற்சி இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, மலத்தில் 'கால்புரோடெக்டின்' அளவைப் பார்க்கும் பரிசோதனை உதவும். தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பியும் செய்வார்கள். அழற்சி இல்லை என்று வந்தால், 'டாக்டர், இது பித்த அமிலத்தால் இருக்குமா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

இதற்கு மருந்து உண்டு. கொலஸ்டிரமைன் என்ற பவுடர், கொலஸ்ட்ராலைக் குறைக்கப் பயன்படும் பழைய மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இதைக் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தே, பிரச்னை பித்த அமிலம்தானா என்று முடிவுக்கு வரும் டாக்டர்களும் உண்டு.

ஆனால், நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்தப் பவுடர் மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை இதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுக்கச் சொல்வார்கள். சுமார் 1 மீட்டருக்கு மேல் இலியம் வெட்டப்பட்டவர்களின் கதையே வேறு. அவ்வளவு இழப்பைக் கல்லீரலால் ஈடுகட்ட முடியாது. பித்த அமிலமே பற்றாமல், கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையாகப் போகும். இவர்களுக்கு இதே பவுடர் நிலைமையை மோசமாக்கலாம். எனவே, ஆபரேஷன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவதும் இதே இலியம்தான். அதன் அளவையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் பித்த அமிலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே டாக்டரிடம் கிளம்புங்கள்.