தைராய்டு கட்டி: கத்தியா, ஊசியா?

தாலிக்கயிறு மாற்றும்போது கழுத்தில் ஓர் உருண்டை தட்டுப்படும். எச்சில் விழுங்கினால் அதுவும் மேலேறி இறங்கும். சுரண்டையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் எங்களிடம் வரும் பெண்கள் பலர் தைராய்டு கட்டியை இப்படித்தான் முதலில் அறிகின்றனர். உடன் வருவோரின் முதற்கேள்வி, "ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?" என்பதே.

பெரும்பாலும் வேண்டியதில்லை. இக்கட்டிகளில் மிகப் பெரும்பான்மையானவை புற்றுநோய் அல்ல. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசிப் பரிசோதனை மூன்றும் தீங்கில்லை என்று காட்டி, விழுங்கவும் மூச்சுவிடவும் தடையில்லை எனில், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும்.

கட்டி வளர்ந்து தொண்டையை அழுத்தினாலோ, வெளியில் தெரிந்து மனத்தை வருத்தினாலோதான் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கிய சுவிட்சர்லாந்து மருத்துவர் தியோடர் கோச்சர் 1909ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் உடல் வீங்கி, அறிவு மந்தமாவதை 1883இல் எடுத்துரைத்தவரும் அவரே. இன்று தைராக்சின் மாத்திரை அந்நிலையைத் தடுக்கிறது. எனினும் முழுச் சுரப்பியும் நீக்கப்பட்டால் அம்மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். ஒரு பாதியை மட்டும் நீக்கினால் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. கழுத்தில் தழும்பு இருக்கும். அருகிலுள்ள குரல் நரம்புக்கும், கால்சியத்தைச் சீராக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் சிறிதளவு ஆபத்து உண்டு.

தென்கொரிய மருத்துவர்கள் செம்மைப்படுத்திய ரேடியோ அலைச் சிகிச்சையில் வெட்டு இல்லை. கழுத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி போன்ற மின்முனையைக் கட்டிக்குள் செலுத்திப் பகுதி பகுதியாகச் சுடுவர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். நல்ல சுரப்பியும் எஞ்சும். ஆனால் "கட்டி கரைந்து போய்விடும்" என்று கைபேசியில் பார்த்துவிட்டு வருவோரிடம் நாங்கள் சற்று நேரம் பேச வேண்டியிருக்கிறது. கட்டி ஓராண்டில் பாதிக்கும் மேல் சுருங்குவதே வழக்கம். முற்றிலும் மறைவது உறுதியல்ல. சிலருக்கு மீண்டும் வளரும். குரல் மாற்றம் இதிலும் அரிதாக நேரும்.

மற்றொன்று மிக முக்கியமானது. அறுத்தெடுத்த கட்டி முழுவதும் ஆய்வகத்திற்குச் செல்லும். சுட்ட கட்டி உடலுக்குள்ளேயே இருக்கும். ஆகவேதான் சுடுவதற்கு முன் பொதுவாக இருமுறை ஊசிப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதில் ஐயம் எழுந்தாலும், கட்டி மார்பெலும்புக்குப் பின்னே இறங்கியிருந்தாலும் அறுவையையே பரிந்துரைக்கிறோம். நீர் நிறைந்த கட்டிக்கு இரண்டும் வேண்டாம். நீரை உறிஞ்சி எடுத்தாலே சிலருக்குப் போதும், மீண்டும் நிரம்பினால் ஆல்கஹால் செலுத்தலாம்.

வரும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகளை, எத்தனை ஆண்டு பழையவையாயினும், தவறாமல் கொண்டுவாருங்கள். கட்டி வளர்ந்துள்ளதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டே அறிகிறோம்.