உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பழச்சாறு

● 200 மில்லி டம்ளர் நிறைய மூன்று சாத்துக்குடியாவது பிழிய வேண்டும். போத்தனூரில் எங்கள் வீட்டில் ஒருநாள் பிழிந்தே பார்த்தேன். மூன்று பழத்துச் சாற்றை என் பையன் மடக் மடக்கென்று அரை நிமிடத்தில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்றான். மறுநாள் அதே பழத்தை உரித்துச் சுளையாகத் தட்டில் வைத்தேன். ஒன்றைத் தின்னவே பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டாவதில் பாதியை மிச்சம் வைத்துவிட்டான். மென்று தின்றால் வயிறு 'போதும்' என்று சொல்ல நேரம் கிடைக்கிறது. குடிக்கும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை. நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே நின்றும் போகிறது.

● "சர்க்கரையே போடலைங்க, வெறும் ஜூஸ்தான்" என்று நாம் நிம்மதியாகச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலோ வேறு கணக்குச் சொல்கிறது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அது கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. அதே பழத்தைச் சாறாக்கினால், ஒரு கரண்டி சீனிகூடச் சேர்க்காவிட்டாலும், அந்தச் சர்க்கரை குறைக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடும். தேனும் அதே பட்டியல்தான்.

● இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் அளவே சொல்லிவிட்டது. இரண்டு வயது வரை பழச்சாறு வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு நாளுக்கு 125 மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஐந்துக்கு மேல் 250 மில்லி. அதுவும் வீட்டில் அப்போதே பிழிந்ததாக இருந்தால் நல்லது. பழமாகவே தின்றால் இன்னும் நல்லது. 125 மில்லி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, இருமல் மருந்து மூடியால் தண்ணீர் அளந்து பையனின் எவர்சில்வர் டம்ளருக்குள் ஊற்றினேன். அந்த மட்டத்துக்கு நேராக வெளிப்புறம் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இத்தனை நாளும் அதைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

● மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்கும் நீலகிரிக் கேரட் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. நமக்கு மலைக் கேரட் கிடைப்பதில் குறையே இல்லை. அதைக் குடிக்கும் விதத்தில்தான் கொஞ்சம் தவறு செய்கிறோம். கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடம்பு அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. ஆனால் அது கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. பச்சைக் கேரட்டை வெறும் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டினால் பயனில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்படிச் செய்கிறோம்: இரண்டு கேரட்டைத் துண்டு போட்டு இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுவோம். ஆறியதும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு ஏலக்காய், ஒரு டம்ளர் தண்ணீரோடு மிக்சியில் நைசாக அரைப்போம். வடிகட்டாமல், தேவையானால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுப்போம். தேங்காய்ப் பாலின் கொழுப்பு கரோட்டினை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும். ஆவியில் வெந்ததால் அது கேரட்டிலிருந்து எளிதாகவும் விடுபடும். பொள்ளாச்சித் தேங்காய் பக்கத்திலேயே விளையும் ஊரில் இதற்குத் தனியாகச் செலவு என்று ஒன்றும் இல்லை. பிஞ்சுக் கேரட்டாக இருந்தால் இனிப்பே தேவைப்படாது.

● கேரட்டை நாள் தவறாமல் நிறையக் கொடுத்தால் பிள்ளையின் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகத் தெரியும். காமாலையோ என்று வயிறு கலங்கும். கண்ணைப் பாருங்கள். காமாலை என்றால் வெள்ளை விழியும் மஞ்சளாகும்; கேரட் மஞ்சள் விழியைத் தொடாது. சில வாரம் கேரட்டைக் குறைத்தால் தானே மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி.

● பீட்ரூட் சாறு குடித்த மறுநாள் காலை, "அம்மா, சிவப்பாப் போகுது!" என்று குளியலறையிலிருந்து பையன் கத்தினான். கையிலிருந்த தோசைக் கரண்டியோடு ஓடினேன். ரத்தம் இல்லை, பீட்ரூட்டின் நிறம்தான். சிலருக்கு அந்த நிறமி முழுதும் உடையாமல் சிறுநீரில் வந்துவிடும். கெடுதல் இல்லை. ஆனால் பீட்ரூட் சாப்பிடாத நாளில் அப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பீட்ரூட்டில் நைட்ரேட் அதிகம் உண்டு. பிழிந்து நேரம் கடத்தினால் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றிவிடும். ராத்திரி பிழிந்ததைக் காலைக்கு வைக்கவே கூடாது.

● என் அமுச்சி (பாட்டி) சுரைக்காய் அரியும்போதெல்லாம் சொல்லும்: "ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாரு கண்ணு. கசந்துதுன்னா எருக்குழிக்குப் போடு." இது உயிரைக் காக்கும் பேச்சு. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு இருக்கிறது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் உயிர் இழந்தவர்களும் நம் நாட்டிலேயே உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு 2011-இல் இதை ஆராய்ந்து, அமுச்சி சொன்னதையே சொன்னது: முதலில் ருசி பார், கசந்தால் குடிக்காதே. தேனோ சர்க்கரையோ கலந்து கசப்பை மறைத்துக் குடிக்கவைத்தால் ஆபத்து போகாது, அடையாளம்தான் போகும். வெள்ளரிக்காய்க்கும் இதே விதி. பிள்ளை "கசக்குதும்மா" என்றால் அடம் என்று நினைக்காமல், நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

● அன்னாசிப்பழத்தைப் பாலோடு அடித்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கும். பழமும் கெடவில்லை, பாலும் கெடவில்லை. அன்னாசியில் உள்ள புரோமலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறது. அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. பழத்தைக் கொஞ்சம் வேகவைத்துச் சேர்த்தால் நொதி அடங்கிவிடும்.

● 'கோ' என்று தொடங்கும் பப்பாளி ரகங்களில் அந்த எழுத்து நம் கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவானவை அவை. கரும்பிலும் அப்படியே. 1912-இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த 'கோ 205' ரகம் 1918-இல் வெளிவந்தது. அந்தப் பெருமை நமக்கு உண்டு, இருக்கட்டும். கரும்புச் சாற்றின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 மில்லியில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 24 கிராம்தான் வரம்பு. ஒரு 200 மில்லி டம்ளரிலேயே அது தாண்டிவிடும். வெயிலில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு இளநீர் போதும்.

● நெல்லிக்காய்ச் சாற்றைத் தனியாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும். ராகிக்கூழோ கம்பங்கூழோ குடிக்கும் வேளையில் அரை நெல்லிக்காயை மோரோடு அரைத்துக் கொடுங்கள். தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நெல்லிக்காய் இல்லாத நாளில் எலுமிச்சை பிழியலாம். அதே வேளையில் டீ கொடுத்தால் எல்லாம் தலைகீழ்.

● கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கொட்டையோடு மிக்சியில் ஓட்டினால் சாறு துவர்க்கும். நன்றாகக் கழுவி, மூழ்கும் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். தோலின் கருநீலம் முழுக்கச் சாற்றில் இறங்கும், கொட்டை உடையாது.

● பித்தளைச் சொம்பு, செம்புக் குடம் இரண்டிலும் எலுமிச்சை, சாத்துக்குடி, திராட்சைச் சாற்றை வைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

● கடையில் வாங்கும் பழச்சாறு டப்பாவில் '100 சதவீதம்' என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து திரும்பச் செய்வதை 100 சதவீதப் பழச்சாறு என்று சொல்வது சரியில்லை என்பதுதான் காரணம்.

● வயிற்றுப்போக்குக்கு ஜூஸ் மருந்தல்ல. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இனிப்பு மிகுந்த சாறு குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். உப்பும் குளுக்கோஸும் சரியாக அளந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொல்லிய அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே வழி. இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்கி மருந்துக் கடை அலமாரியில் பல வருடம் நின்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பானங்களுக்கு வைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை துவண்டு கிடக்கும் ராத்திரியில், பெட்டியில் இருக்கும் மூன்றெழுத்தை நம்பித்தானே எந்தத் தாயும் வாங்குவாள்?

● புட்டிப் பாலைப் போல ஜூஸையும் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பற்கள் ராத்திரி முழுக்கச் சர்க்கரையிலும் புளிப்பிலும் ஊறும். டம்ளரில், சாப்பாட்டு வேளையில், ஒரே தடவையில் குடித்து வாய் கொப்பளிக்கட்டும்.

● எந்தச் சாற்றை வடிகட்டினாலும் சக்கையை எறிய வேண்டியதில்லை. கேரட், பீட்ரூட் சக்கை சப்பாத்தி மாவில் சேரும். சுந்தராபுரம் உழவர் சந்தையில் வாங்கிவந்த பீட்ரூட்டின் சக்கையைப் போன ஞாயிற்றுக்கிழமை கம்பு அடையில் போட்டேன். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் கூட. பையன் மூன்றாவது அடைக்குத் தட்டை நீட்டினான்.