எஸ்.பி.பி. வாழ்க்கையைப் படமா எடுக்கலாம்... பாட்டைப் போடலாமா? அஞ்சலி நிகழ்ச்சிகளும் சட்டமும்

செங்குன்றத்தைத் தாண்டி, திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் இருக்கிறது எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் பண்ணை வீடு. 2020 செப்டம்பர் 25 அன்று சென்னையில் காலமான அவர், மறுநாள் காவல் துறை மரியாதையுடன் இங்கேதான் நல்லடக்கம் செய்யப்பட்டார். நினைவு நாள் செப்டம்பர் கடைசியில் வருவதால், அது ஆயுத பூஜை சீசனை ஒட்டியே வந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி விழாவோ, திருவள்ளூர் பக்கத்து அபார்ட்மென்ட் விழாவோ, ஆர்க்கெஸ்ட்ரா மேடை ஏறினால் எஸ்.பி.பி. பாட்டு இல்லாமல் இறங்குவதில்லை.

சரி, 'எஸ்.பி.பி. நைட்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தணும் என்றால் யாரிடம் அனுமதி கேட்கணும்? அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்கணும் என்றால்? ஏஐ வைத்து அவர் குரலிலேயே ஒரு புதுப் பாட்டு? மூன்றுக்கும் சட்டத்தில் ஒரே பதில் இல்லை. அவருக்கே உரியது என்று நாம் நினைக்கும் குரலுக்குத்தான் பாதுகாப்பு குறைவு.

கதைக்கு அனுமதி தேவையா?

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மறைந்த பிரபலத்தின் வாழ்க்கையைப் படமாக்கக் குடும்பத்தின் அனுமதி கட்டாயம் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இதற்கு அடிப்படையே ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பான வழக்கில், பொது ஆவணங்களில் இருக்கும் தகவல்களை ஒருவரின் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் விளைவுகளை எழுதியவர் சந்திக்க வேண்டும்.

ஜெயலலிதா பற்றிய 'தலைவி' படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் வாழும் காலத்தில் சம்பாதித்த அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவர் மரணத்தோடு முடிந்துவிடும், சொத்து மாதிரி வாரிசுக்குப் போகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, எஸ்.பி.பி. பற்றிப் படம் எடுக்க நினைப்பவருக்குக் கதை பிரச்சினை இல்லை. ஆனால் அவர் பாட்டு இல்லாமல் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?

டேவிட் போவி பற்றி 2020-ல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' படத்துக்கு இதுதான் நடந்தது. குடும்பத்தின் ஆதரவும் இல்லை, பாடல் உரிமையும் இல்லை. போவி பற்றிய படத்தில் போவி எழுதிய ஒரு பாட்டுகூடக் கிடையாது. மறுபக்கம் 'பொஹீமியன் ராப்சடி' (2018). நம் நாட்டுப் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு படித்த ஃப்ரெடி மெர்க்குரியின் கதை. குவீன் குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரும் படத்தின் உருவாக்கத்திலேயே இருந்தார்கள். பாடல்கள் அத்தனையும் கிடைத்தன. நடித்த ரமி மாலெக்குக்கு ஆஸ்கரும் வந்தது. ஆனால் கூடவே, குழுவினருக்குச் சங்கடமான பகுதிகளைப் படம் வழவழவென்று கடந்துபோகிறது என்ற விமர்சனமும் வந்தது. பாட்டு வேண்டுமானால், பாட்டின் உரிமையாளர் மனம் நோகாமல் கதை சொல்லணும். இந்த வகைப் படங்களின் தீராத தலைவலி இது.

இந்தி, பஞ்சாபியில் 2024-ல் வந்த 'அமர் சிங் சம்கீலா' ஓரளவு தப்பித்தது. 1988-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பாடகரின் கதை அது. தில்ஜித் தோசாஞ் சொந்தக் குரலிலேயே பாடி நடித்தார். சம்கீலாவின் பாட்டு ஆபாசம் என்று சொன்னவர்களின் தரப்பையும் படம் மறைக்கவில்லை.

அந்த 2017 சண்டை

எஸ்.பி.பி. வாழ்க்கையில் எந்தக் காட்சி ஒரு படத்துக்குச் சிக்கலாக இருக்கும் என்று யோசிக்கத் தேவையே இல்லை. 1960-களின் கடைசியில் அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். அப்போது இவரும் பெரிய ஸ்டார் இல்லை, அவர்களும் இல்லை. அடுத்த அரை நூற்றாண்டில் இருவரும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பது தமிழ் வீடுகளுக்குத் தெரியும்.

2017 மார்ச்சில், திரையுலகில் 50 ஆண்டு நிறைவுக்காக 'எஸ்.பி.பி. 50' சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவில் இருந்தார் எஸ்.பி.பி. அங்கே அவருக்கும், சித்ராவுக்கும், மகன் சரணுக்கும் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்பதே விஷயம். எஸ்.பி.பி. ஃபேஸ்புக்கில் இதைப் பகிர்ந்து, சட்டம் அப்படியென்றால் கட்டுப்படுகிறேன், மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுகிறேன் என்ற பொருளில் எழுதினார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மோதினார்கள். 2019 ஜூன் 2 அன்று சென்னை ஈவிபி ஃபிலிம் சிட்டியில் இளையராஜா பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி.பி. மறுபடி பாடியபோதுதான் அந்தக் கசப்பு தீர்ந்தது.

இளையராஜாவின் வாழ்க்கைப் படம் 2024 மார்ச் 20 அன்று அறிவிக்கப்பட்டது. தனுஷ் நடிப்பு, அருண் மாதேஸ்வரன் இயக்கம் என்று அறிவிப்பு வந்தது. அதில் 2017 எப்படி வரும், வருமா என்பதே அந்தப் படத்தின் நேர்மைக்கு நல்ல பரீட்சை.

நோட்டீஸ் வந்த நேரத்தில் பலர் கேட்ட கேள்வி, 'பாடினவருக்கே உரிமை இல்லையா?' என்பது. நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் கசப்பு.

ஒரு பாட்டுக்கு எத்தனை உரிமையாளர்?

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1969-ல் வந்த 'அடிமைப்பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா'. எஸ்.பி.பி.யைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன பாட்டு. இசை கே.வி.மகாதேவன், வரிகள் புலமைப்பித்தன்.

இசைக்கும் வரிகளுக்கும் காப்புரிமை, எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். மகாதேவன் மறைந்தது 2001-ல், எனவே மெட்டுக்கு 2061 முடிய. புலமைப்பித்தன் மறைந்தது 2021-ல், வரிகளுக்கு 2081 முடிய. ஒலிப்பதிவு தனிச் சொத்து. அதற்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள், அதாவது 2029 முடிய. இந்த உரிமைகள் இன்று யார் கையில் என்பது அன்று போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழைய படங்களில் பெரும்பாலும் தயாரிப்பாளர், அவரிடமிருந்து ஆடியோ கம்பெனி.

பாடகர்? அவருக்கு இருப்பது 'கலைஞர் உரிமை' என்ற வேறொரு சரக்கு. 1994 திருத்தத்தில்தான் அது சட்டத்துக்குள்ளேயே வந்தது. ராயல்டியில் பங்கு என்பது 2012 திருத்தத்தில். காலம் பாடியதிலிருந்து 50 ஆண்டுகள். 1969 பாட்டுக்குக் கணக்குப் போட்டால் 2019-லேயே முடிந்துவிட்டது, எஸ்.பி.பி. உயிரோடு இருக்கும்போதே. 6 தேசிய விருது வாங்கிய குரலுக்கு, முதல் பெரிய ஹிட்டில் சட்டப்படி மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

நம்ம ஊர் மேடைக்கு?

கல்யாணக் கச்சேரி என்றால் கவலை வேண்டாம். திருமணமும் அதையொட்டிய விழாக்களும் காப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவின்படி விலக்கு பெற்றவை. இதை மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. அபார்ட்மென்ட்வாசிகள் தாங்களே கூடி, டிக்கெட் இல்லாமல் பாடிக்கொள்வதற்கும் அமெச்சூர் கழகங்களுக்கான விலக்கில் இடம் உண்டு.

கம்பெனி ஆண்டு விழாவுக்கும், டிக்கெட் போட்ட 'ஹிட்ஸ் நைட்'டுக்கும் கதை வேறு. ஆயுத பூஜை மதச் சடங்கு. அதே நாள் மாலையில் சம்பளம் கொடுத்து ட்ரூப் வரவழைத்து நடத்தும் கச்சேரியையும் சடங்கு என்று வாதாடுவது கஷ்டம். நேரடியாகப் பாடுவதற்கு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், வெளியீட்டாளர்கள் சார்பில் உரிமம் தரும் அமைப்பு ஐபிஆர்எஸ். அசல் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட ஆடியோ கம்பெனி அல்லது பிபிஎல் போன்ற அமைப்புகள். கரோக்கி ட்ராக்கும் ஒரு ஒலிப்பதிவுதான், யூடியூபில் கிடைக்கிறது என்பதற்காக இலவசம் ஆகிவிடாது. வழக்கமாக இந்தச் செலவு பாடுபவருக்கு அல்ல, நிகழ்ச்சி நடத்துபவருக்கு. ட்ரூப்போடு போடும் ஒப்பந்தத்தில் இதை ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது ஹெச்.ஆர்.காரர்களுக்கு நல்லது. இளையராஜா பாடல்கள் பட்டியலில் இருந்தால் யாரிடம் உரிமம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

குரல் யாருடையது?

2023-ல் வெளியான 'கீடா கோலா' தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரல் ஏஐ மூலம் பயன்படுத்தப்பட்டதாகக் கூறி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் படக்குழுவுக்கு நோட்டீஸ் அனுப்பினார் சரண். அனுமதி கேட்கவில்லை என்பதே அவர் புகார்.

அதே 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். 'கோட்' படத்தில் பவதாரிணி குரலும், 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவன் குரலும் அதே ஆண்டு வந்தன. முதல் பாட்டுக்கு இசை பவதாரிணியின் தம்பி யுவன். இரண்டாவதில் வாசுதேவனின் மகன் யுகேந்திரனும் பாடியிருந்தார்.

இதெல்லாம் நல்ல பழக்கம். ஆனால் கட்டாயமா? உயிரோடு இருக்கும் பாடகருக்குப் பாதுகாப்பு உண்டு. அரிஜித் சிங் வழக்கில் 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், அவர் குரலைக் குளோன் செய்யும் ஏஐ கருவிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. மறைந்தவருக்கு? 'தலைவி' தீர்ப்பை அப்படியே பொருத்தினால் குடும்பத்தின் பிடி தளர்கிறது. குரலின் தன்மைக்கு காப்புரிமையும் கிடையாது, பதிவான பாட்டுக்குத்தான் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-ல் இதற்கென்றே 'எல்விஸ் சட்டம்' கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் குரலைப் போலி செய்வதற்கு எதிரான அந்தப் பாதுகாப்பு, மறைந்தவர்களின் வாரிசுகளுக்கும் போகிறது. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

அதனால் இப்போதைக்கு, எஸ்.பி.பி. குரலில் 'கும்மிடிப்பூண்டி ரசிகர்களுக்கு வணக்கம்' என்று ஒரு ஏஐ வரவேற்பு தயாரிக்க லேப்டாப்பும் பத்து நிமிடமும் போதும். அதற்கு முன் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதணுமா என்பதை நிகழ்ச்சி நடத்துபவரின் மனசுக்கே சட்டம் விட்டுவைத்திருக்கிறது.