வெயிலைவிட புழுக்கம் பொல்லாதது! பனியன் நகருக்கு கோடை எச்சரிக்கை

திருப்பூர்:

வியர்வையை உறிஞ்சத்தான் பனியன். ஊருக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுக்கும் திருப்பூர், கோடை வந்தால் தானே வியர்வையில் குளிக்கிறது!

பங்குனி கடைசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்து விடும். மதியம் 12 மணிக்கு மேல் குமரன் ரோட்டில் நடந்து போகிறவர்கள் கடை நிழலில் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். இளநீர், கம்மங்கூழ், தர்பூசணி வண்டிகளில் கூட்டம் மொய்க்கும்.

"இன்னைக்கு எத்தனை டிகிரிங்க?" என்பதுதான் டீக்கடையில் முதல் கேள்வி. 100-ஐத் தாண்டினால் பரபரப்பு. தாண்டவில்லை என்றால் நிம்மதி.

அந்த நிம்மதிதான் ஆபத்து!

95 டிகிரி, 113 டிகிரி ஆகும் மாயம்

100 டிகிரி என்பது பாரன்ஹீட் கணக்கு. செல்சியசில் 37.8. நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளப்பது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது அந்த டிகிரியில் தெரியாது.

கடும் வெயிலில் உடம்பு சூட்டைத் தணித்துக் கொள்ள ஒரே வழி, வியர்த்து, அந்த வியர்வை காய்வதுதான். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். சூடு உள்ளேயே தங்கி விடும்.

அமெரிக்க வானிலை துறையின் கணக்குப்படி, 95 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 113 டிகிரி! ஆனால், 95 டிகிரிக்கு யாரும் பரபரப்பு அடைவதில்லை.

சமவெளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூட வேண்டும். அல்லது 45-ஐத் தொட வேண்டும். அப்போதுதான் இந்திய வானிலை துறை அதை வெப்ப அலை என்கிறது. புழுக்கமான நாட்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பதில் வானிலை அறிக்கையில் "வெப்பமும் ஈரப்பதமும் அதிகம், அசவுகரியம் ஏற்படலாம்" என்கிற மாதிரி ஒரு வரி வரும். பலர் அதைப் படிக்காமல் தாண்டி விடுவார்கள். திருப்பூருக்கு அந்த வரிதான் முக்கியம்.

கம்பெனிக்குள் தனி வெயில்

காரணம், இந்த ஊரில் பல்லாயிரம் பேர் பகல் முழுக்க இருப்பது வெயிலில் அல்ல, ஷெட்டுக்குள்! தலைக்கு மேல் தகர ஷீட். பக்கத்தில் ஓவர்லாக், சிங்கர் மெஷின்களின் மோட்டார் சூடு. அயர்னிங் டேபிளில் நீராவி. சாயப்பட்டறையில் கொதிக்கும் தண்ணீர். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளில் உலைத் தீ. மின்விசிறி சுற்றினாலும் வருவது அனல் காற்றுதான்.

பீஸ் ரேட்டில் தைப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் பீஸ் குறையும். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. வேலை முடிந்து லைன் வீட்டுக்குப் போனால் அங்கேயும் சுவர் சுடும். "காத்தே இல்லீங்க, வேக்காடு தாங்க முடியலீங்க" என்று மொட்டை மாடியில் பாய் விரிப்பவர்கள் ஏராளம். ராத்திரியும் உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் ஆபத்து இரட்டிப்பு.

250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். பத்து மெஷின் போட்ட ஜாப் ஒர்க் கம்பெனிகள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2024-ம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றும் அறிவித்தது. செத்த பிறகு வரும் 4 லட்சத்தைவிட, சாகாமல் காக்கும் ஒரு பானை மோர் மேல் அல்லவா?

மாதம் வாரியாக எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது திருப்பூர். மார்ச், ஏப்ரல் முதல் பாதியில் பொதுவாக காய்ந்த வெயில். ஏப்ரல் பிற்பாதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக கேரளத்து ஈரக்காற்று எட்டிப் பார்க்கும். அப்போதுதான் புழுக்கம் ஆரம்பம். மே 4-ந் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி, 28-ந் தேதி வாக்கில் முடியும்.

ஆனால், வானம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. 2024-ல் அக்னி பிறக்கும் முன்பே, ஏப்ரலில் பக்கத்து ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அதே ஆண்டு மே நடுவில் தமிழகம் முழுக்க கோடை மழை கொட்டியது. 2025-ல் தென்மேற்கு பருவமழை மே 24-ந் தேதியே கேரளாவுக்கு வந்து விட்டது. வழக்கமாக ஜூன் 1-ந் தேதி வரவேண்டியது!

பருவமழை வந்தால் மழை கேரளாவுக்கு. திருப்பூருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். அதுவே பெரிய நிம்மதி.

புழுக்கம்தான் இடிமழைக்கு முன்னறிவிப்பு

வியர்வையைக் காய விடாத அதே ஈரம்தான், பிற்பகல் சூட்டில் மேலே ஏறி இடி மேகமாகிறது. அதனால் புழுக்கம் மிஞ்சிய நாளில், சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தால் உஷார்! மணிக்கு 40 முதல் 50 கிலோ மீட்டர் வேகத்தில் சூறைக்காற்று என்று எச்சரிக்கை வந்தால், தகர ஷீட்டும் பேனரும் பறக்கும் என்று அர்த்தம். பெரும்பாலும் ஷிப்ட் விடுகிற நேரத்தில்தான் இது வரும்.

மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. காங்கேயம், பல்லடம் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்கள் கட்டிடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். நொய்யல் ஓடைக்கரையில் குடியிருப்பவர்கள் 2011-ம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தை மறந்து விடக்கூடாது.

மயங்கி விழுந்தால்...

தலைவலி, வாந்தி, கால் பிடிப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

பேச்சு குளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. 108-க்கு போன் செய்து விட்டு, நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்க தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கம்பெனி முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. கூரைக்கு வெள்ளை அடிக்கலாம். சூட்டை வெளியே இழுக்கும் விசிறி மாட்டலாம். அயர்னிங் ஆட்களுக்கு மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் ஓய்வு கொடுக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலியில் கை வைக்காமல் இருந்தால், ஓய்வு எடுக்க ஆளுக்கு தைரியம் வரும்.